“போட்டுவிட்டேன்” என்று எழுதும் முன்: யாழ்ப்பாணத்திலிருந்து இணையத்தில் விற்கத் தொடங்குபவர்களுக்கு

இந்தத் தொழிலில் அதிகம் சொல்லப்படும் பொய் ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடும்: “போட்டுவிட்டேன்.” ஏமாற்ற வந்தவர்களை விட, நேர்மையாகத் தொழில் செய்ய வந்த பிள்ளைகள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். மிளகாய் இன்னும் ஆலையிலிருந்து வரவில்லை. வாடிக்கையாளர் மூன்றாம் தடவை கேட்டுவிட்டார். நாளைக் காலை எப்படியும் தபாலகம் போகத்தானே போகிறோம் என்ற துணிவில் இன்றிரவே “போட்டுவிட்டேன் அக்கா” என்று எழுதிவிடுகிறார்கள்.

நானும் எழுதினேன். தொழில் தொடங்கிய முதல் ஆண்டு அது. மட்டக்களப்பில் இருக்கும் ஓர் ஆசிரியை ஒரு கிலோ கறித்தூளுக்குக் காசு போட்டிருந்தார். வியாழன் இரவு அவருக்கு அப்படிச் சொன்னேன். மறுநாள் போயா (முழுநிலா நாள்) விடுமுறை என்பது விடிந்த பிறகே நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை வீட்டில் ஒரு விசேடம். ஞாயிறு தபாலகம் பூட்டு. திங்கட்கிழமைதான் பொதி என் கையை விட்டுப் போனது. அவர் பற்றுச்சீட்டின் படத்தைக் கேட்டார். அதில் திங்கட்கிழமைத் திகதி தெளிவாக விழுந்திருந்தது. “நான்கு நாள் பிந்தியதற்கு நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன் தங்கச்சி. ஏன் போட்டதாகச் சொன்னீர்கள்?” என்று எழுதினார். தூள் கிடைத்ததும் நன்றாக இருக்கிறது என்றும் எழுதினார். அதன் பிறகு அவர் என்னிடம் எதுவும் வாங்கவில்லை.

மானிப்பாயில் வீட்டிலிருந்தே கறித்தூள், ஒடியல் மா, வேப்பம்பூ வடகம், பனங்கட்டிக் குட்டான் (சிறு ஓலைப் பெட்டியில் அடைத்த பனைவெல்லம்) எல்லாம் விற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இதே வழியில் இறங்குகிறார்கள். எப்படிப் படம் பிடிப்பது, எப்படி விலை போடுவது என்று சொல்லிக்கொடுக்க ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். காசு வாங்கிய நேரத்துக்கும் பொருள் போய்ச் சேரும் நேரத்துக்கும் இடையில் எப்படி நடந்துகொள்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பற்றுச்சீட்டு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

முதலில் இதை விளங்கிக்கொள்ளுங்கள். தபாலகத்தில் தரும் பற்றுச்சீட்டு, ஒரு பொதி இன்ன நாளில் இன்ன இடத்தில் இவ்வளவு எடையோடு உங்கள் கையை விட்டுப் போனது என்று சொல்லும். உள்ளே என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. புதிதாக வருபவர்கள் பலர் சீட்டைக் கையில் வாங்கியதும் தங்கள் பொறுப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

சட்டத்திலும் இதற்கு இரண்டு முகம் உண்டு. இலங்கையில் இன்னும் நடைமுறையில் இருக்கும் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலேயருடைய 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. பொருளை எடுத்துச் செல்பவரிடம் ஒப்படைத்தால், மாறாக எதுவும் காட்டப்படாதவரை, வாங்குபவரிடமே ஒப்படைத்ததாகக் கொள்ளலாம் என்பது அந்த வழிவந்த விதி. ஆனால் அந்த விதி பிறந்த பிரித்தானியாவிலேயே இன்று நிலைமை வேறு. அங்கே 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் ஒருவர் தன் தேவைக்கு வாங்கிய பொருள் அவர் கைக்கு வந்து சேரும்வரை இழப்பு வியாபாரியுடையது. ஈபே போன்ற தளங்களிலும் பொருள் வரவில்லை என்று வாங்கியவர் முறையிட்டால், போட்டதற்கான சீட்டு மட்டும் விற்றவரைக் காப்பாற்றாது. போய்ச் சேர்ந்ததைக் காட்டும் பதிவைத்தான் கேட்பார்கள். இலண்டனில் இருக்கும் உங்கள் வாடிக்கையாளர் அந்தப் பழக்கத்தோடுதான் உங்களிடமும் வாங்குகிறார். அந்தச் சட்டம் மானிப்பாய் வரை வருமா என்று வாதாடுவதில் பயன் இல்லை.

அப்படியென்றால் சீட்டு எதற்கு? பொதியைத் தேடுவதற்கு. வாடிக்கையாளரின் வாயை மூடுவதற்கு அதை வைத்திருக்காதீர்கள். இந்த ஒரு வேறுபாட்டில்தான் இந்தத் தொழிலின் நேர்மை முழுவதும் நிற்கிறது என்று நான் நம்புகிறேன்.

எங்கள் ஊருக்குக் “கொடுத்துவிடுதல்” என்ற பழக்கம் புதிதல்ல. போரால் 1990 இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில்தான் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தது. அந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் கடிதமும் மருந்தும் காசும் எத்தனையோ கைகள் மாறி வந்து சேர்ந்தன. என் அம்மம்மா கொழும்புக்குப் போகிற யாரிடமும் ஒரு பையைக் கொடுத்துவிடுவார். சீட்டு எதுவும் கிடையாது. “யாருடைய பிள்ளை?” என்று கேட்பார், பதில் கிடைத்தால் போதும். தவறினால் அந்தப் பிள்ளையின் தாயை அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பார்க்கலாம். குருநாகலில் இருந்து உங்கள் முகநூல் பக்கத்தைப் பார்த்துக் காசு அனுப்புகிறவருக்கு நீங்கள் யாருடைய பிள்ளை என்று தெரியாது. அந்த இடத்தை நிரப்பத்தான் திகதி முத்திரையும் இலக்கமும் இருக்கின்றன.

காசு வாங்குவதற்கு முன்

உங்கள் பக்கத்தில் முதல் வரியாக, எந்த நாட்களில் தபாலகம் போவீர்கள் என்று எழுதிவிடுங்கள். நான் செவ்வாயும் வெள்ளியும் போகிறேன். திங்கள் மாலை வரை காசு வந்த ஓடர்கள் செவ்வாய் போகும், வியாழன் மாலை வரை வந்தவை வெள்ளி போகும். “உடனே அனுப்பப்படும்” என்று எழுதுகிறவர்களைப் பார்த்து நீங்களும் எழுதாதீர்கள். “உடனே” என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக விளங்கிக்கொள்வார்கள். செவ்வாய் என்றால் எல்லோருக்கும் செவ்வாய்தான். அந்த நாள் போயாவாக இருந்தால் ஒரு கிழமை முன்னதாகவே மாற்று நாளை அறிவித்துவிடுங்கள். வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் போயா நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிடுவது என் முதல் வேலை.

பருவத்தையும் மறைக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழி மாரியில் மிளகாய் காயாது. அந்த மாதங்களில் தூள் ஓடருக்குப் பத்து நாள் என்று நான் வெளிப்படையாகச் சொல்கிறேன். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடியிருக்கும். ஊரில் விருந்தினர் நிறைந்திருப்பார்கள், வேலைக்கு வரும் அக்காமாரும் கோயிலுக்குப் போவார்கள். அந்த நாட்களில் ஓடரின் எண்ணிக்கையைக் குறைத்து எடுக்கிறேன். சிலர் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். அது பரவாயில்லை. போய்விட்ட வாடிக்கையாளர் அடுத்த மாதம் திரும்பி வருகிறார். பொய் கேட்ட வாடிக்கையாளர் வருவதில்லை.

முகவரி விடயத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளையார் கோயில் ஒழுங்கை இல்லாத ஊர் இல்லை. வீட்டு இலக்கம் இல்லாத வீடுகளும் ஏராளம். ஊர், ஒழுங்கை, அண்மையில் இருக்கும் சந்தி, தபால் குறியீடு (யாழ்ப்பாணத்துக்கு 40000), கைத்தொலைபேசி இலக்கம் ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். வாங்கியதைப் பொதியில் எழுதும்படியே ஒரு தடவை எழுதித் திருப்பி அனுப்பி, “சரி” என்ற பதில் வந்த பிறகு ஒட்டுங்கள். கைத்தொலைபேசி இலக்கம் இல்லாத பொதியை நான் அனுப்புவதே இல்லை.

காசு வந்ததா என்பதை உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள். பணம் அனுப்பியதாக வரும் படத்தை மட்டும் நம்பிப் பொதி கட்ட வேண்டாம். திருத்திய படங்கள் எனக்கே இரண்டு தடவை வந்திருக்கின்றன. அதற்காக எல்லோரையும் சந்தேகிக்கவும் தேவையில்லை. “கணக்கில் வரவு காட்டியதும் அறிவிக்கிறேன் அண்ணா” என்று மரியாதையாக ஒரு வரி எழுதினால் நேர்மையானவர் எவரும் கோபிக்க மாட்டார். வரவு காட்டிய உடனே அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். காசை அனுப்பிவிட்டு அமைதியில் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது காசை எண்ணிப் பார்த்து அனுப்புகிறவருக்குத்தான் தெரியும்.

கட்டும்போது

பொதி கட்டுவதைப் பற்றி நீண்ட பாடம் எடுக்கப் போவதில்லை. தூளை இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள். பனங்கட்டி வெயிலில் இளகும், அதனால் குட்டானோடு சேர்த்து இன்னொரு உறை போடுங்கள். நல்லெண்ணெய்ப் போத்தல் அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்று உடைந்தால் பையில் இருக்கும் மற்றவர்களின் கடிதமும் பாழாகும்.

எடையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒட்டுவதற்கு முன் பெட்டியைத் திறந்தபடி, உள்ளே இருக்கும் பொருட்கள் எல்லாம் தெரியும்படி, தராசில் வைத்து ஒரு படம் எடுங்கள். ஒட்டிய பிறகு முகவரி தெரியும்படி, மறுபடியும் தராசில் வைத்து இன்னொரு படம். 500 கிராம் தூள் இரண்டு, பெட்டியோடு சேர்த்து 1,120 கிராம் என்று வையுங்கள். தபாலகத் தராசும் ஏறத்தாழ அதையே காட்டும், பற்றுச்சீட்டிலும் பதியும். பற்றுச்சீட்டுக்கு உள்ளே இருப்பது தெரியாது என்று மேலே சொன்னேன். இந்த எடைதான் அதற்கு உள்ளதைக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கிறது. ஒரு பக்கற்தான் வந்தது என்று ஒருவர் எழுதினால் நீங்களும் அவரும் சேர்ந்து விசாரிக்க ஒரு தொடக்கம் இருக்கும். பொதி வழியில் திறக்கப்பட்டதா, நானே ஒன்றை வைக்க மறந்தேனா என்பது அப்போது தெரிந்துவிடும். நான் மறந்ததும் உண்டு. தராசுப் படம்தான் என் பிழையை எனக்குக் காட்டியது. அன்றே மன்னிப்புக் கேட்டு மற்றதை அனுப்பினேன்.

தபாலகத்தில்

எந்த வழியில் அனுப்புவது என்று வாடிக்கையாளரே தீர்மானிக்கட்டும். சாதாரணத் தபால் மலிவு, ஆனால் பின்தொடர இலக்கம் கிடைக்காது. பதிவுத் தபாலுக்கு இலக்கம் உண்டு, பெறுபவர் கையொப்பம் இடுவார். விரைவுச் சேவைக்கும் கூரியருக்கும் காசு கூட. பொருள் கிடைத்ததும் காசு கொடுக்கும் முறை புது வாடிக்கையாளருக்கு நிம்மதி. ஆனால் ஆள் வீட்டில் இல்லாமல் பொதி திரும்பினால் அந்தச் செலவு உங்களுக்குத்தான். ஒவ்வொன்றின் கட்டணத்தையும் சொல்லி, சாதாரணத் தபால் தொலைந்தால் தேட வழியில்லை என்பதையும் சொல்லித் தெரிவு செய்ய விடுங்கள். பதிவுத் தபாலுக்குக் காசு வாங்கிவிட்டுச் சாதாரணத் தபாலில் போட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தொகை சிறியதென்று அவர்கள் நினைக்கிறார்கள். அது திருட்டு.

தபால் அதிபரிடம் சீட்டை வாங்கியதும் மூன்றைப் பார்த்துவிட்டு வரிசையை விட்டு விலகுங்கள்: இலக்கம் தெளிவாக இருக்கிறதா, ஊரின் பெயர் சரியா, திகதி தெரிகிறதா. அங்கேயே நின்று படம் எடுங்கள். இயந்திரத்தில் அச்சாகும் தாள் வெயிலில் வெளிறிவிடும். மோட்டார் சைக்கிள் பெட்டியில் மறந்து விட்ட சீட்டு ஒரு மாதத்தில் வெறும் வெள்ளைத் தாளானதை நான் பார்த்திருக்கிறேன்.

இலக்கத்தைக் கையால் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். இது எனக்கு நேர்ந்த பாடம். ரொறன்ரோவில் இருக்கும் ஒரு தம்பிக்கு அவசரத்தில் இரண்டு எண்களை இடம் மாற்றி அனுப்பிவிட்டேன். அப்படி ஓர் இலக்கமே இல்லை என்று கணினி சொன்னது. நான் சீட்டையே போலியாக எழுதினேன் என்று அவர் முடிவுகட்டி, எங்கள் உறவினர் குழு ஒன்றில் என் கடைப் பெயரோடு எழுதிவிட்டார். உண்மையில் பொதி அந்த நேரம் விமானத்தில் இருந்தது. சீட்டின் படத்தை அனுப்பிய பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதற்கு முந்திய மூன்று இரவுகளும் நான் தூங்கவில்லை.

வெளிநாட்டுத் தபால் இலக்கங்களுக்கு உலகத் தபால் ஒன்றியம் வகுத்த ஒரே அமைப்பு உண்டு. இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது எண், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. இலங்கையில் போட்டது ‘எல்.கே.’ என்று முடியும். பதிவுத் தபால் ‘ஆர்’ என்ற எழுத்திலும், ஈ.எம்.எஸ். எனப்படும் விரைவுத் தபால் ‘ஈ’ என்ற எழுத்திலும், பார்சல் ‘சி’ என்ற எழுத்திலும் தொடங்கும். ஒன்பதாவது எண், முன்னால் உள்ள எட்டு எண்களைச் சரிபார்க்கும் காவல் எண். எட்டு எண்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையைப் பதினொன்றால் வகுத்து, மீதியைப் பதினொன்றிலிருந்து கழியுங்கள். வருவதுதான் ஒன்பதாவது எண். பத்து வந்தால் 0 என்றும் பதினொன்று வந்தால் 5 என்றும் எழுதுவார்கள். 12345678 என்ற எட்டு எண்ணுக்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே காவல் எண் 5. கடைசி இரண்டையும் மாற்றி 12345687 என்று எழுதினால் கூட்டுத்தொகை 206 ஆகும், காவல் எண் 3 ஆக வர வேண்டும். 5 என்று இருந்தால் எங்கோ பிழை என்று உடனே தெரிந்துவிடும். எல்லாப் பிழையையும் இது பிடிக்காது என்றாலும் பெரும்பாலானவற்றைப் பிடிக்கும். வாங்குகிறவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மனம்போல் எண்களைக் கோத்து எழுதிய பொய் இலக்கம் இந்தக் கணக்கில் பெரும்பாலும் அகப்படும்.

வெளிநாட்டுப் பொதி என்றால் சுங்கப் படிவமும் நிரப்ப வேண்டும். சிறு பொதிக்கு சி.என். 22, பெறுமதி கூடியவற்றுக்கு சி.என். 23. பொருள் அடங்கிய தபாலுக்கு 2021 ஆம் ஆண்டிலிருந்து இந்த விவரங்கள் மின்னணு முறையிலும் முன்கூட்டியே போக வேண்டும். இங்கேதான் வாடிக்கையாளரே உங்களைப் பொய் சொல்லக் கேட்பார். “அன்பளிப்பு என்று போடுங்கள் அக்கா, பெறுமதியைக் குறைத்து எழுதுங்கள், வரி வராது” என்பார். மறுத்துவிடுங்கள். அவருக்கு ஒத்துப்போவதற்காக அரசுக்குப் பொய் எழுதுகிற கடை, இன்னொரு நாள் அவருக்கும் பொய் எழுதும் என்பதை அவர் உள்ளூர அறிவார். நடைமுறைக் காரணமும் உண்டு: பொதி தொலைந்து இழப்பீடு கேட்கும்போது நீங்களே கையொப்பமிட்ட குறைந்த பெறுமதி உங்களுக்கு எதிராக நிற்கும். “வீட்டுச் சாமான்” என்று பொதுவாக எழுதாமல் “அரைத்த மிளகாய்த்தூள், 1 கிலோ” என்று எழுதுங்கள். அவுஸ்திரேலியா உணவு, விதை, தாவரப் பொருட்களில் மிகக் கண்டிப்பானது. ஐரோப்பாவுக்குப் பாலும் இறைச்சியும் சேர்ந்தவற்றைத் தபாலில் அனுப்ப முடியாது. தயிரில் ஊறிய மோர்மிளகாய்க்கு ஓடர் வந்தால் அந்த நாட்டின் விதியைப் பார்த்த பிறகே காசு வாங்குங்கள்.

கேட்கும் முன் சொல்லுங்கள்

தபாலகத்திலிருந்து வீடு திரும்பும் முன் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பிவிடுங்கள். வாடிக்கையாளர் கேட்ட பிறகு அனுப்பும் சீட்டு ஒரு வாக்குமூலம் போல் இருக்கும். கேட்கும் முன் வரும் சீட்டு நல்ல செய்தி. பிறருடைய பெயரும் முகவரியும் அதே படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே தாளில் ஐந்து பொதிகளின் விவரம் அச்சாகியிருந்தால் மற்ற நான்கையும் மறைத்துவிடுங்கள். எழுதும் வரியில் மிகை வேண்டாம். நான் எழுதுவது இவ்வளவே: “இன்று காலை பதிவுத் தபாலில் போட்டேன். சீட்டு இதோ. அடுத்த புதன்கிழமைக்குள் வராவிட்டால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.” இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வராவிட்டால் யாரிடம் கேட்பது, கேட்டால் கோபிப்பார்களோ என்ற தயக்கத்தை அது எடுத்துவிடுகிறது.

போடவில்லை என்றால் போடவில்லை என்று எழுதுங்கள். “மிளகாய் காயவில்லை, வெள்ளிக்கிழமைதான் போட முடியும். பொறுக்க முடியாவிட்டால் காசை இன்றே திருப்பிவிடுகிறேன்.” இத்தனை ஆண்டுகளில் இந்த வரிக்குக் காசைத் திருப்பிக் கேட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

2025 ஆகஸ்டில் தபால் ஊழியர்கள் பணிப்புறக்கணிப்புச் செய்தபோதும், அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலால் பாதைகள் துண்டிக்கப்பட்டபோதும், வழியில் இருந்த பொதிகளுக்கு உரிய அத்தனை பேருக்கும் நானே முதலில் செய்தி அனுப்பினேன். ஒருவரும் கடிந்து எழுதவில்லை. “உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா?” என்று கேட்டு எழுதியவர்கள்தான் அதிகம்.

வரவில்லை என்று ஒருவர் எழுதினால்

இங்கேதான் மனம் பிசகும். கொழும்பில் ஒருவர் பொதி வரவில்லை என்று எழுதினார். இலக்கத்தைத் தேடினேன், ஒப்படைக்கப்பட்டது என்று இருந்தது. அந்தப் படத்தை அனுப்பி, “கையொப்பமும் இருக்கிறது” என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை. மூன்று கிழமை கழித்து, அடுக்குமாடியின் கீழ்வீட்டு அம்மா பொதியை வாங்கி வைத்துவிட்டு மகளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார் என்று தெரியவந்தது. என் படமும் உண்மை, அவர் எழுதியதும் உண்மை. நான் மட்டும் என் உண்மையை வைத்து அவருடையதைப் பொய்யாக்கியிருந்தேன். அவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையானவர், ஏற்றுக்கொண்டார்.

இப்போது நான் செய்வது வேறு. முதல் பதிலில் சீட்டைக் காட்டி வாதிடுவதில்லை. “வருந்துகிறேன், நான் தேடிப் பார்க்கிறேன். அக்கம்பக்கத்திலும் வாசற்காவலரிடமும் ஒரு தடவை கேட்டுப்பாருங்கள்” என்று எழுதுகிறேன். பிறகு என் பக்கத்தில் தேடுகிறேன். இலங்கைத் தபால் திணைக்களத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். வெளிநாட்டுப் பொதியென்றால் அதே இலக்கத்தைப் போய்ச் சேரும் நாட்டின் தபால் சேவையின் தளத்திலும் போட்டுப் பாருங்கள். பல வேளை அங்கேதான் புதிய விவரம் இருக்கும். உள்நாட்டுப் பொதிக்குப் பெறுபவரின் தபாலகத்துக்கே தொலைபேசியில் பேசுங்கள். அந்தப் பகுதிக்குப் போகும் தபாற்காரருக்கு ஒழுங்கைகள் மனப்பாடம்.

உள்நாட்டில் பதினான்கு நாள், வெளிநாட்டுக்கு நாற்பத்தைந்து நாள் என்று நான் எல்லை வைத்திருக்கிறேன். அதற்கு மேல் காத்திருக்கச் சொல்வதில்லை. காசா, மறுபடி பொருளா என்று வாடிக்கையாளரைக் கேட்டு, அவர் சொன்னதை அன்றே செய்கிறேன். இதற்காக ஒவ்வொரு ஓடரிலும் நூற்றுக்கு மூன்று பங்கை ஒரு தனிக் கணக்கில் போட்டு வைக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இலாபத்தைத் தொடும் முன் இந்தக் கணக்கைத் திறக்க வேண்டும். கையில் காசு இல்லாதபோதுதான் நல்ல மனிதரும் “நான் போட்டுவிட்டேன், இனித் தபாலகத்தைக் கேளுங்கள்” என்று சொல்ல நேர்கிறது.

பொய் சொல்லி இரண்டாம் தடவை பொருள் வாங்குகிறவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஒரே முகவரியிலிருந்து இரண்டாம் தடவை அதே முறைப்பாடு வந்தால், “இனிமேல் உங்களுக்குக் கையொப்பமிட்டுப் பெறும் சேவையில் மட்டும்தான் அனுப்புவேன்” என்று எழுதுகிறேன். மூன்றாம் தடவை ஓடர் எடுப்பதில்லை. அவ்வளவுதான். அவர் பெயரையும் முகவரியையும் ஊரறியப் போடாதீர்கள். உங்களிடம் நம்பித் தந்த முகவரி அது. மிளகாய்த்தூள் அனுப்பத் தந்ததை வேறு எதற்கும் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை. ஒருவர் ஏமாற்றினார் என்று மற்ற நூறு பேரிடமும் அடையாள அட்டைப் படம் கேட்கத் தொடங்கிய ஒரு கடையை எனக்குத் தெரியும். நல்ல வாடிக்கையாளர்கள்தான் முதலில் விலகினார்கள்.

நீங்களே வாங்குபவராக இருந்து, கடைக்காரர் பதில் தராமல் இழுத்தடித்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். உங்கள் வாடிக்கையாளருக்கும் அந்த இலக்கம் தெரிந்திருக்கட்டும். நான் என் பக்கத்திலேயே அதைப் போட்டு வைத்திருக்கிறேன்.

காசைத் திருப்பிக் கொடுத்த பிறகும் தேடுவதை விடாதீர்கள். வெளிநாட்டுப் பதிவுத் தபாலுக்கு, போட்ட நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கேட்கலாம். அதற்கு சி.என். 08 என்ற படிவம் உண்டு. போட்ட தபாலகத்தில் பற்றுச்சீட்டின் மூலப்பிரதியோடு போய்க் கேளுங்கள். பற்றுச்சீட்டு தன் முழு வேலையையும் செய்வது அந்த நாளில்தான். ஆகவே திகதி வாரியாக ஒரு கோப்பில் அடுக்கி, குறைந்தது ஏழு மாதமாவது வைத்திருங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: காசு வந்த நாள், போட்ட நாள், எடை, இலக்கம், கிடைத்ததாக அவர் சொன்ன நாள். கடைசிக் கட்டம் வெறுமையாக இருக்கும் வரிகளை ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்த்து, அவர்களுக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்.

தொலைந்ததாக நினைத்த பொதி சில வேளை மூன்று மாதம் கழித்தும் போய்ச் சேரும். அப்போது காசைத் திருப்பிக் கேட்டு எழுத வேண்டாம். தூள் மணம் போயிருக்கும், கட்டி கரைந்திருக்கும். “கிடைத்ததா, எந்த நிலையில் இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். நல்ல நிலையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதை அவரே சொல்வார். சூரிச்சில் இருந்து ஓர் அண்ணா அப்படித்தான் பிந்தி வந்த ஒடியல் மாவைத் திறந்து பார்த்து, பூச்சி பிடித்திருக்கிறது என்று படம் அனுப்பினார். அடுத்த தடவை உறையின் வாயை மெழுகுவர்த்திச் சூட்டில் இன்னொரு தடவை ஒட்டும்படியும் சொன்னார். அன்றிலிருந்து அப்படித்தான் ஒட்டுகிறேன்.